நிரல் தெரியாதாம்!

தமிழுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று மேடைதோறும் முழங்குவோரிடம் சென்று, தம் பாக்களையும் கட்டுரைகளையும் வைக்க ஒரு வலைத்தளம் அமைக்கச் சொன்னால், உடனே வரும் விடை ஒன்றே: "நிரல் எழுதத் தெரியாதே!" உயிரைக் கொடுக்க அணியமாயிருப்பவர்க்கு ஒரு விடுமுறை நாளின் பிற்பகலைக் கொடுக்க உள்ளம் வரவில்லை!

1849இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்று அச்சுப்பொறி வாங்கிவந்து யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் நிறுவினாரே, அவர் இரும்பை உருக்கிப் பொறி வடிக்கக் கற்றபின்பா அதைச் செய்தார்? பொறியை வடித்தவன் எவனோ. அதில் ஏறிய தமிழ் நாவலருடையது. 1959இல் தென்மொழியைத் தொடங்கிய பாவலரேறு பெருஞ்சித்திரனார் தாள் செய்யும் ஆலையா வைத்திருந்தார்? கருவியை ஆக்கத் தெரிந்தவனே அதைக் கையாளலாம் என்பது முறையானால், உழவன் கொல்லுலையில் நின்றிருப்பான். வயல் தரிசாகக் கிடந்திருக்கும்.

நிரல் வேண்டியிருந்த காலமும் இருந்தது, அதை மறைப்பானேன்? செனீவாவை அடுத்த ஐரோப்பிய அணுக்கரு ஆய்வகத்தில் தைம் பெர்னர்சு-இலீ 1991இல் உலகின் முதல் வலைத்தளத்தை வெளியிட்ட தொடக்கக் காலத்தில் பலரும் பக்கங்களைக் குறிச்சொற்களிட்டே எழுதவேண்டியிருந்தது. 1993 ஏப்பிரல் 30ஆம் நாள் அவ்வாய்வகம் அம்மென்பொருளை எவ்வகைக் கட்டணமுமின்றி உலகப் பொதுவுடைமையாக்கியது. கதவு அன்றே திறந்துவிட்டது. முற்பட நுழைந்த தமிழருள் ஒருவரான சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, 1995இலேயே தமிழ்ப் பாக்களை வலையேற்றிக் காட்டினார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராயிருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் எவர்க்கும் விலையின்றி வழங்கச் செய்தார். கடல் கடந்து வாழ்ந்தவர்க்கு இருந்த முனைப்பு, கீழடிக்குப் பக்கத்தில் படுத்துறங்குவோர்க்கு இல்லாமற் போயிற்று.

இன்றைய நிலையோ வேறு. ஒரு தளப்பெயரைப் பதிந்துகொண்டு, ஆண்டுக் கட்டணத்தில் வழங்கி ஒன்றில் சிறிது இடம் பெற்றால் போதும். பக்கங்களை ஆக்கித்தரும் மென்பொருள், 2003இல் வெளிவந்த வேர்டுபிரசைப்போல், கட்டற்ற உரிமத்தில் விலையின்றியே கிடைக்கின்றது. இடம் தருவோரின் ஆளுகைப் பக்கத்தில் ஒரு சொடுக்கில் அது நிறுவப்பட்டுவிடும். பின்னர் வார்ப்புரு ஒன்றைத் தெரிந்தெடுத்து, நான்கைந்து பக்கங்கட்குப் பெயரிட்டு, மடல் எழுதுவதுபோல் எழுதி 'வெளியிடு' என்பதைச் சொடுக்க வேண்டியதுதான். இதில் நிரல் எங்கே வந்தது? கைப்பேசியில் தொடர்வண்டிக்கு முன்பதிவு செய்யத் தெரிந்தவர்க்கு இது மட்டும் தெரியாதென்றால் எவர் நம்புவார்?

உண்மையான இடர் இருக்குமிடம் வேறு. அஞ்சவேண்டியதற்கு அஞ்சாமல், அஞ்சவேண்டாததற்கு அஞ்சுவதே தமிழரின் பழங்குறை. "எல்லாம் தம்பி பார்த்துக்கொள்வார்" என்று எவரிடமோ பணியை ஒப்படைத்துவிடுகின்றனர். அவரோ தளப்பெயரைத் தம் பெயரில், தம் மின்னஞ்சலில் பதிந்துகொள்கிறார். மூன்றாண்டு கழித்து அவர் வேறூர் போனாலோ, மனத்தாங்கல் கொண்டாலோ, மன்றத்தின் பெயர் மன்றத்தின் கையில் இல்லை; கடவுச்சொல்லும் இல்லை. ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால் பெயரே பறிபோகும். கைவிடப்பட்ட பெயர்களைச் சூதாட்டக் கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வது வலையுலகில் நாள்தோறும் நடப்பதே. வீட்டு ஆவணத்தைக் கொத்தனார் பெயரில் எழுதும் மடமையை எவரும் செய்வதில்லை. வலையில் மட்டும் செய்கின்றனர்! தளப்பெயர் தம் பெயரிலும், கடவுச்சொல் தம் கையிலும், கட்டணம் செலுத்தவேண்டிய நாள் தம் நாட்காட்டியிலும் இருக்கவேண்டும்.

"முகநூல் இருக்கையில் தனித்தளம் எதற்கு?" என்பர் சிலர். அது குடிக்கூலி கூடக் கேட்காத வீடு என்பதே அதன் மயக்கம். சியோசிட்டீசு என்றொரு வலைக்குடியிருப்பு இருந்தது. விலையின்றி இடம் தந்தது. 1990களில் தமிழர் பலரும் அங்கே பக்கங்கள் வைத்திருந்தனர். அதை வாங்கிய யாகூ நிறுவனம் 2009 அத்தோபரில் கதவை இழுத்துச் சாத்தியது. ஆர்வலர் சிலர் ஓடோடிப் படியெடுத்தவை தவிர மற்றவை மண்ணாயின. இன்று முகநூலில் ஏற்றும் பா நாளை மறுநாள் அடியில் புதைந்துபோகிறது. எவனோ முறையிட்டான் என்று கணக்கு முடக்கப்பட்டால், பத்தாண்டு எழுத்தும் ஒருங்கே முடங்குகிறது. அங்கே கூவி அழைக்கலாம். அழைத்து உட்காரவைக்கத் தம் திண்ணை வேண்டும்.

அடுத்து எழுத்து. பாவை எழுதிப் படமாக்கி, பூவும் நிலவும் வரைந்து ஒட்டுகின்றனர். படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி எளிதில் கண்டுகொள்ளாது. பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் மென்பொருளும் அங்கே திணறும். பழைய எழுத்துருக்களில் ஆளுக்கொரு குறியீட்டில் ஏற்றிய பக்கங்களோ, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற கிறுக்கல்களாய்த் தோன்றுகின்றன. எழுதுவது ஒருங்குறியிலேயே இருத்தல் வேண்டும்.

ஒருங்குறி தமிழுக்கு இழைத்த தீங்கை மறந்துவிட்டு இது சொல்லப்படவில்லை. 1991இல் தமிழுக்கென அதில் வரையறுத்தவை 128 இடங்களே, தமிழெழுத்தோ 247. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்னும் தமிழிலக்கண நெறியைத் தலைகீழாக்கி, அகரமேறிய ககரத்தை முதலாக வைத்து, அதன்மேல் புள்ளியை ஒட்டி மெய்யை ஆக்கினர். தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியோடு அனைத்தெழுத்துக் குறியீட்டையும் ஏற்றது. ஆயினும் உலகக் கணினிகளில் வழங்குவது ஒருங்குறியே. இந்த வழக்கைத் தொடர்ந்து நடத்துக. வழக்கு முடியும்வரை வாய்பேசமாட்டேன் என்பது மட்டும் வேண்டா.

உரோமன் எழுத்தில் 'அம்மா'வைத் தட்டித் தமிழாக மாற்றிக்கொள்ளும் பழக்கமும் ஒழியவேண்டும். 1999இல் வரையறுத்த தமிழ்99 விசைப்பலகையை ஒரு கிழமை பழகினால் விரல் தானே தமிழில் ஓடும். தாயின் பெயரை எழுதவும் அயலெழுத்தின் தோள் வேண்டுமா?

தளம் அமைத்துவிட்ட தூய தமிழன்பரின் முகப்பைத்தான் பார்ப்போமே! நடுவில் தமிழ் வாழ்த்து. மேலே 'ஓம்', 'அபவுட் அசு', 'காண்டாக்டு'. வார்ப்புருவில் அப்படி இருந்ததாம்! அமைப்புப் பகுதியில் மொழியைத் தமிழ் எனத் தெரிந்தெடுக்கவும், ஒவ்வொரு பட்டியற்சொல்லையும் மாற்றவும் வழியுண்டு, பார்க்கவில்லை. வேர்டுபிரசின் தமிழாக்கத்தைச் செய்வோர் கூலி பெறாத தன்னார்வலரே. அதில் பிழைச்சொல்லோ கலப்புச்சொல்லோ கண்டால், மேடையேறிப் பழிப்பதைவிட அங்கேயே பதிந்துகொண்டு நல்ல சொல்லை முன்மொழியலாம். ஒரு சொல் அங்கே ஏறினால், அதைத் தெரிந்தெடுக்கும் தமிழ்த்தளங்கள் அனைத்திலும் ஒருங்கே ஏறும். அகரமுதலி தொகுத்த பாவாணர்க்கு இத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை.

முகவரியையும் தமிழெழுத்தில் வைக்கலாம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்னும் ஈறுகள் தமிழெழுத்திலேயே ஏற்கப்பட்டுள்ளன. உள்ளே அப்பெயரைப் பொறி உரோமன் எழுத்துக் கோவையாக மாற்றித்தான் கையாள்கிறது. சில இடங்களில் படியெடுத்து ஒட்டினால் அந்த அலங்கோலமே வெளிப்படும். வெளிப்படட்டும். தமிழ்முகவரி ஒன்றையும், எங்கும் இடறாமல் செல்ல உரோமன் முகவரி ஒன்றையும் பதிந்து, இரண்டையும் ஒரே தளத்திற்கு இணைத்துவிடுக.

இனி, எதை ஏற்றுவது என்னும் வினா. முப்பது நாற்பது ஆண்டுகட்கு முன் நடந்து நின்றுபோன இயக்க இதழ்கள் எத்தனை வீட்டுப் பரண்களில் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன! உரியவரிடமோ அவர் மக்களிடமோ ஒப்புதல் பெற்று, அக்கட்டை இறக்கி, முதல் இதழின் முதற்பக்கத்தைத் தட்டச்சிடத் தொடங்குக. ஏற்றிய அன்றே தளம் முழுவதற்கும் ஒரு படியெடுத்து, வழங்கியில் மட்டுமன்றி வீட்டுக் கணினியிலும் ஒன்று, நண்பரிடம் ஒன்று என வைத்துக்கொள்க.