ஆணை அளந்து பெண்ணுக்கு மருந்தா?



விடியுமுன் பெரட்டுக்களத்தில் செக்ரோல் எழுதும் கிராணி நான். வயிற்றுவலியால் வராத பெண்ணின் பெயருக்கு நேரே, காரணம் கேளாமல், "வரவில்லை" என்று எத்தனையோ முறை குறித்திருக்கிறேன். இன்று அதற்காக வெட்கப்படுகிறேன். பெரிய விஞ்ஞானிகளின் ஏட்டிலும் இதே குறைதான் என்றால் நம்புவீர்களா?

பெண்ணின் சூலகம் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்களைச் சுரக்கிறது. மாதத்துக்குள் அவை ஏறும், இறங்கும். கருமுட்டை வெளிப்பட்ட பின் உடம்பின் வெப்பம் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் உயரும். இது நோயன்று, இயற்கை. ஆனால் ஆய்வாளர் பலர், "பெண் உடம்பு நாளுக்கொரு விதம், கணக்குக் குழம்பும்" என்று சொல்லி, ஆண்களையும் ஆண் எலிகளையும் வைத்தே சோதித்தார்கள். கருவுக்குத் தீங்கு வரும் என்று அஞ்சி, 1977-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் பிள்ளை பெறும் வயதுப் பெண்களைத் தொடக்கச் சோதனைகளிலிருந்து விலக்கச் சொன்னது. 1993-இல்தான் அதை மாற்றியது.

பலன் என்ன? சோல்பிடெம் என்னும் தூக்க மருந்தை ஆணும் பெண்ணும் ஒரே அளவில் விழுங்கினார்கள். பெண் உடம்பில் அது மெதுவாகக் கழிகிறது. மறுநாள் காலையிலும் மயக்கம் தீராது. 2013-இல்தான் பெண்களுக்கு 10 மில்லிகிராமை 5 ஆகக் குறைக்கச் சொன்னார்கள். சோதனைக்கு வேண்டாத பெண், மருந்து விற்க மட்டும் வேண்டுமோ?

அவர்கள் சொன்ன சாக்காவது மெய்யா? 293 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்து 2014-இல் முடிவு சொன்னார்கள்: பெண் எலியின் அளவுகள் ஆண் எலியைவிட அதிகமாக மாறுவதில்லை! சாக்கு பொய்த்தது.

நம் நாட்டுக்கு வருவோம். முதுகில் மருந்தைச் சுமந்து களைக்கொல்லி தெளித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். ஐரின் பெர்னாண்டஸ் 1991-இல் தொடங்கிய தெனாகனித்தா, அவர்களையே நேரில் கேட்டு 2002-இல் ஆய்வறிக்கை வெளியிட்டது. பாராகுவாட்டுக்கு அதே ஆண்டு தடை என்றார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், முழுத் தடை 2020 ஜனவரி 1-இல்தான் வந்தது. பதினெட்டு ஆண்டுகள்!

ஆகவே கேட்போம். மருந்தானாலும் களைக்கொல்லியானாலும், பெண்களைச் சோதித்த கணக்கைத் தனியே காட்டு! தோட்டத்து மருத்துவ ஏட்டில் பெண்களின் நோவைத் தனியே பதிவு செய்! கிராணித் தோழர்களே, "வரவில்லை" என்று எழுதுமுன் ஏன் என்று கேளுங்கள்.

நிரையில் ஆணோடு சமமாகப் பால்மரம் வெட்டுபவளுக்கு, கணக்கில் மட்டும் இடமில்லையா?