நூற்றாண்டு விழா யாருக்கு? எரிந்த பெஞ்சை எங்கே வைப்பீர்கள்?

தமிழ்நாடு முழுக்க ஊர்ப் பள்ளிகளுக்கு நூற்றாண்டு விழா நடக்கிறது. ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, இடம் கொடுத்த மிராசுதாரரின் பேரனுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். நன்கொடையாளர் பெயரைப் பளிங்குக் கல்லில் வெட்டுகிறார்கள். பழைய கட்டடத்தை இடிக்காமல் காக்க வேண்டும் என்று ஊர் பேசுவதில் எங்களுக்கு மறுப்பில்லை. நாங்கள் கேட்பது ஒரு கேள்விதான். இந்த நூறு ஆண்டுகளில் எத்தனையாவது ஆண்டில் சேரிப் பிள்ளை அந்த வாசற்படி ஏறியது? விழா மலரில் அந்த வரி எங்கே?

அன்றைய 'பொதுப்பள்ளி' பல ஊர்களில் கோயில் மண்டபத்திலும் ஊர்ச்சாவடியிலும் அக்ரகாரத் திண்ணையிலும் நடந்தது. எங்கள் பிள்ளைகள் அந்தத் தெருவுக்குள்ளேயே வர முடியாது; பிறகல்லவா பள்ளிக்குள் வருவது! சட்டம் தடுக்கவில்லை, இடம் தடுத்தது என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார்?

குமரி எல்லைக்கு அந்தப்பக்கம், நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் ஊரூட்டம்பலம் என்றொரு கிராமம். அன்று குமரி மாவட்டமும் அதே திருவிதாங்கூர் அரசின் கீழ்தான் இருந்தது, ஆகவே இது அயல் கதை அல்ல. புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசு உத்தரவு போட்டும் ஊர்கள் மதிக்கவில்லை. அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியைக் கையோடு அழைத்துப்போய் ஊரூட்டம்பலம் பள்ளியில் உட்காரவைத்தார். ஆதிக்க சாதியார் என்ன செய்தார்கள்? பள்ளியையே கொளுத்தினார்கள். தங்கள் பிள்ளைகள் படித்த பள்ளி அது! தீட்டுப்பட்ட பள்ளியைவிடச் சாம்பலான பள்ளி மேல் என்று நினைத்தவர்களை வேறு எப்படிப் புரிந்துகொள்வது? தொடர்ந்த மோதல்களுக்குக் கொல்லம் ஆண்டு 1090-ஐ (1914–15) வைத்துத் 'தொண்ணூறாம் ஆண்டுக் கலகம்' என்று பெயர். கலகம் செய்தவர்கள் நாங்கள் என்பதுபோல!

அய்யன்காளி மனுப் போட்டுக் காத்திருந்தவர் அல்லர். 1907-இல் சாது சன பரிபாலன சங்கம் கண்டவர். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று உழைக்கும் மக்களை நிறுத்திவைத்தார். கூலி உயர்வுக்கு வேலைநிறுத்தம் கேள்விப்பட்டிருப்பீர்கள். எழுத்துக்காக நடந்த வேலைநிறுத்தம் இது. பட்டினி வந்தபோது விழிஞ்சம் மீனவர்களோடு கடலுக்குப் போய் மக்கள் உயிர் பிழைத்தார்கள்.

அந்தத் தீயில் பாதி எரிந்து மிஞ்சிய ஒரு மரபெஞ்சு இன்றும் ஊரூட்டம்பலம் பள்ளியில் பாதுகாக்கப்படுகிறது. 2022-இல் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியது. நூறாண்டு கடந்து வந்த ஞானோதயம் என்று கேலி செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனாலும் அங்கே ஒரு பிள்ளை அந்தக் கரிந்த பலகையைப் பார்த்து "இது ஏன் எரிந்தது?" என்று கேட்டால், ஆசிரியர் பதில் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பளிங்குக் கல்லைப் பார்த்து எந்தப் பிள்ளை என்ன கேட்கும்?

தமிழ்நாட்டில் எரிந்த பெஞ்சுக்கு ஈடானது சேரிக்குள் இருக்கும் லேபர் ஸ்கூல். 1920-களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை எங்கள் பிள்ளைகளுக்கென்று தனிப்பள்ளிகள் நடத்தியது, ஊர்ப்பள்ளி கதவைத் திறக்காததால்தான். அரிசனப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப்பள்ளி என்று பெயர்கள் மாறியும் கிழவர்கள் வாயில் அது லேபர் ஸ்கூல்தான். 2023-24 நிதிநிலை அறிக்கையில் நலப்பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப்போவதாக அரசு அறிவித்தது. சமத்துவம் என்றால் நல்லது. ஆனால் இணைப்பு என்ற பேரில் சேரிப் பள்ளிதான் ஊர்ப் பள்ளியில் கரைய வேண்டும், ஊர்ப் பிள்ளை காலனிப் பள்ளிக்கு வராது என்றால் அது என்ன சமத்துவம்? ஆள் குறைந்தது என்று பூட்டி, பாழடைந்தது என்று இடித்துவிட்டால், இப்படியொரு பள்ளி ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியும் செங்கல்லோடு போய்விடும். மிராசுதாரர் கட்டடம் பாரம்பரியம், எங்கள் கட்டடம் ஆபத்தான கட்டடம்!

லேபர் ஸ்கூல் கட்டடங்களைக் கணக்கெடுங்கள். பழுதுபார்க்கக்கூடியதை இடிக்காதீர்கள், நூலகமாகவோ இரவுப் பாடசாலையாகவோ எங்களிடமே விடுங்கள். பழைய பெயர்ப்பலகையைச் சுரண்டி அழிக்காதீர்கள். ஊர்ப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கரையானுக்கும் பழைய பேப்பர் கடைக்கும் கொடுக்காமல் ஆவணக் காப்பகத்தில் சேருங்கள். யார் எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தச் சாதி, எத்தனை மாதத்தில் நின்றார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. எங்கள் காலனிகளுக்கு விழா அழைப்பிதழோடு வருகிறவர்கள் அந்தப் பதிவேட்டையும் எடுத்து வரட்டும். எங்கள் முதல் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சேர்ந்தே தேடிப் பார்ப்போம்.