வட்டி குறைந்தது, கடன் மாறவில்லை!

வீட்டுக் கடனை வேறு பாங்கிக்கு மாற்றுவதில் ஏன் இத்தனை தாமதம்?

கடன் வாங்கி வீடு கட்டியவர்களுக்கு 2025 நல்ல ஆண்டு. அந்த ஓர் ஆண்டில் ரிசர்வ் பாங்கி 4 தடவை வட்டியைக் குறைத்தது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் ஆகிய மாதங்களில் இந்தக் குறைப்பு நடந்தது. மற்ற பாங்கிகளுக்கு ரிசர்வ் பாங்கி கொடுக்கும் கடனின் வட்டி 6½ சதவிகிதத்தில் இருந்து 5¼ சதவிகிதமாக இறங்கியது.

பாங்கிகளுக்கு வட்டி குறைந்தால் மக்களுக்கும் குறைய வேண்டும். ஆனால், எல்லோருக்கும் ஒரே மாதிரி குறைவதில்லை. புதிதாகக் கடன் வாங்குகிறவருக்கு 8 சதவிகிதம் என்பார்கள். பல ஆண்டுகளாக ஒழுங்காகத் தவணை கட்டி வருகிறவர் 9½ சதவிகிதம் கட்டிக்கொண்டிருப்பார்!

இதற்கு ஒரு வழி உண்டு. வட்டி குறைவாக உள்ள வேறொரு பாங்கி, பழைய பாங்கியின் கடனை அடைத்துவிடும். அதன் பிறகு குடும்பம் புதிய பாங்கிக்குத் தவணை கட்டும். இதுதான் கடன் மாற்றம்.

சொல்வதற்கு இரண்டு வரி. நடப்பதற்கு இரண்டு மாதம் ஆனாலும் ஆகும்.

தாமதத்தின் விலை

ஒரு குடும்பத்துக்கு 20 லட்ச ரூபாய் கடன் பாக்கி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். 9½ சதவிகிதத்தில் ஒரு மாத வட்டி 15,833 ரூபாய். 8 சதவிகிதத்தில் 13,333 ரூபாய். வித்தியாசம் 2,500 ரூபாய்.

அதாவது, காகிதம் ஒரு மாதம் மேஜையில் தூங்கினால், குடும்பத்துக்கு 2,500 ரூபாய் நஷ்டம். ஒரு வீட்டின் பால் செலவும் மின்சாரச் செலவும் அதில் அடங்கிவிடும். 3 மாதம் தூங்கினால் சுமார் 7,500 ரூபாய்.

இந்த நஷ்டம் பாங்கிக்கு இல்லை. பழைய பாங்கிக்கு அது லாபம். ஆகவே, பழைய பாங்கி அவசரப்படும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தம் இல்லை.

காகிதம் போகும் பாதை

புதிய பாங்கி முதலில் சம்பளக் கணக்கைப் பார்க்கிறது. பழைய தவணைகள் தவறாமல் கட்டப்பட்டனவா என்று விசாரிக்கிறது. பிறகு வக்கீல் பத்திரங்களைப் படிக்கிறார். என்ஜினீயர் வந்து வீட்டை மதிப்பிடுகிறார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் "கடன் தரலாம்" என்ற கடிதம் கிடைக்கும்.

இங்கேதான் முதல் சிக்கல். மூலப் பத்திரம் பழைய பாங்கியின் பெட்டியில் இருக்கிறது. வக்கீல் பார்ப்பதோ நகல். தாய்ப்பத்திரத்தில் ஒரு பக்கம் தெளிவில்லை என்றாலும், பட்டாவில் பெயர் மாறாமல் இருந்தாலும் அவர் பேனாவை மூடிவிடுவார். பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது, கட்டிட அனுமதி ஆகியவற்றை மனுப் போடும் முன்பே தயார் செய்துகொண்ட குடும்பம் பாதித் தாமதத்தைத் தவிர்த்துவிடுகிறது.

அடுத்த சிக்கல் பழைய பாங்கியில். பாக்கித் தொகை எவ்வளவு, பாங்கியிடம் உள்ள பத்திரங்கள் எவை என்று இரண்டு கடிதங்கள் அங்கிருந்து வர வேண்டும். "அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பதில் இங்குதான் அதிகம்.

இந்தப் பதிலுக்கு ஓர் எல்லை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கடனை வேறு பாங்கிக்கு மாற்றும்படி கேட்டால், சம்மதமா, ஆட்சேபணையா என்பதை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இது ரிசர்வ் பாங்கி 2003-ம் ஆண்டில் வகுத்த நடைமுறை. கடன்காரரும் கேட்கலாம், புதிய பாங்கியும் கேட்கலாம்.

ஆனால் வாய்ப்பேச்சு கணக்கில் சேராது. கடிதமாகக் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்க வேண்டும். அந்த முத்திரையில் இருந்துதான் 21 நாள் எண்ணப்படும்.

ஏறும் கடிகாரம்

பாக்கித் தொகைக் கடிதத்தில் ஒரு தேதி இருக்கும். அதைக் கவனிப்பவர்கள் குறைவு.

20 லட்ச ரூபாய்க்கு 9½ சதவிகிதம் என்றால், நாள் ஒன்றுக்கு வட்டி சுமார் 520 ரூபாய். 5-ந் தேதிக்குக் கணக்குப் போட்ட கடிதத்தை வைத்து 12-ந் தேதி செக் கொடுத்தால், 7 நாள் வட்டி 3,640 ரூபாய் குறையும். அந்தத் தொகைக்காகப் பழைய கணக்கு மூடப்படாமல் நிற்கும். பத்திரமும் வெளியே வராது. செக் வாங்கும் நாளில் இந்த வித்தியாசத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது.

காத்திருக்கும் நாட்களில் பழைய தவணையை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. "எப்படியும் கடன் மாறத்தானே போகிறது" என்று ஒரு தவணையை விட்டால், அது உடனே பதிவாகிறது. தரலாம் என்று சொன்ன புதிய பாங்கி பின்வாங்கிவிடும். அந்த நேரத்தில் ஸ்கூட்டருக்கோ டெலிவிஷனுக்கோ புதுக் கடன் வாங்குவதும், 5 பாங்கிகளில் ஒரே சமயத்தில் மனுப் போடுவதும் இதே தீங்கைச் செய்யும்.

அலையாமலே முடியுமா?

முடியலாம். வேறு பாங்கியைத் தேடும் முன்பு, சொந்தப் பாங்கியிடமே வட்டியைக் குறைக்கும்படி எழுதிக் கேட்க வேண்டும். வக்கீல் இல்லை, என்ஜினீயர் இல்லை, பத்திரம் இடம் மாறுவதும் இல்லை. ஒரு சிறு கட்டணத்தோடு காரியம் முடிந்துவிடக் கூடும்.

1-10-2019 முதல் பாங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், ரிசர்வ் பாங்கியின் வட்டி போன்ற வெளி அளவோடு கட்டப்பட்டவை. 3 மாதத்துக்கு ஒரு தடவையாவது அவற்றின் வட்டி மாற வேண்டும். அதற்கு முன்பு வாங்கிய கடனும், வீட்டுக் கடன் கம்பெனிகளில் வாங்கிய கடனும் அப்படி அல்ல. அவர்கள் கேட்டுப் பார்ப்பது நல்லது.

வெளி அளவுக்கு மேல் பாங்கி தன் பங்காகச் சேர்க்கும் வட்டி ஒன்று உண்டு. அதில் சில பகுதிகளை 3 ஆண்டுக்குள் மாற்றக் கூடாது என்று முன்பு தடை இருந்தது. 1-10-2025 முதல், குறைப்பதற்குத் தடை இல்லை. ஆகவே "சட்டம் இடம் தராது" என்று மானேஜர் சொன்னால், இந்தத் தேதியை நினைவூட்டலாம். வேறு பாங்கி கொடுத்த கடிதத்தையும் காட்டினால், பேச்சு இன்னும் சுருக்கமாக முடியும்.

பழைய பாங்கி மறுத்தால் மாறிவிடலாம். தனி மனிதர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் பாங்கி அபராதம் வாங்கக் கூடாது என்பது 2012-ல் இருந்து சட்டம். ஆனால் புதிய பாங்கியின் கட்டணம், வக்கீல் செலவு, அடமானத்தைப் பதிவு செய்யும் செலவு எல்லாம் உண்டு. இன்னும் 2, 3 ஆண்டுகளில் கடன் முடியப் போகிறவருக்கு இந்த அலைச்சல் தேவையே இல்லை.

பத்திரம் வராவிட்டால்...

கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் பழைய பாங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அடமானப் பதிவையும் நீக்க வேண்டும். பாங்கியின் தவறால் தாமதம் ஆனால், நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்ட ஈடு! 1-12-2023 முதல் இந்த உத்தரவு அமலில் இருக்கிறது.

கடிதத்துக்குப் பதில் இல்லை என்றால், முதலில் அந்தப் பாங்கிக்கே எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். 30 நாள் ஆகியும் தீராவிட்டால், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

எல்லாம் முடிந்த பிறகு, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய அடமானம் தீர்ந்ததற்கான ரசீது சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவாகாமல் இருந்தால், அடைத்த கடன் அதில் அப்படியே நிற்கும். 10 ஆண்டு கழித்து மகள் கல்யாணத்துக்கு அந்த வீட்டின் மேல் கடன் கேட்கும்போதுதான் அது கண்ணில் படும்.