முள் மீட்டரை ஓரங்கட்டலாமா?



"டிஜிட்டல் மீட்டர் வந்தாச்சு. இன்னும் எதுக்கு இந்த முள் மீட்டர்? எடைக்குப் போட்டுடலாமே!" என்று பலர் கேட்கிறார்கள். போடக் கூடாது என்பது என் கருத்து. பழைய பொருள் மேல் பாசம் என்று நினைக்க வேண்டாம். அளவீடு என்றால் என்ன என்பதைக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல வாத்தியார் நம் ஆய்வகத்தில் இல்லை, அதனால்தான் சொல்கிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். துல்லியத்தன்மை என்பது நாம் எடுத்த அளவு உண்மையான அளவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது. நுட்பம் என்பது திரும்பத் திரும்ப அளக்கும்போது வருகிற அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பது. இரண்டும் ஒன்று மாதிரி தெரியும், ஆனால் ஒன்றல்ல.

ஒரு தராசிலே தட்டுக்கு அடியில் 100 கிராம் கல் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலே ராகி நிறுத்தால் ஒவ்வொரு தடவையும் "1 கிலோ" என்று காட்டும். பத்து தடவை நிறுத்தாலும் மாறாது. நுட்பத்துக்குக் குறையே இல்லை. ஆனா பைக்குள்ளே வருவது 900 கிராம்தான்! பத்து தடவை நிறுத்துச் சராசரி எடுத்தாலும் அந்த 100 கிராம் திரும்பி வராது. முன்னும் பின்னும் ஆடுகிற பிழையைத்தான் சராசரி குறைக்கும். ஒரே பக்கம் சாய்ந்த பிழையை அது தொடக்கூட முடியாது.

இப்போ மீட்டருக்கு வருவோம். முள் மீட்டரில் பிழையை முழு அளவுகோலுக்கு இத்தனை சதவீதம் என்று சொல்வார்கள். 300 வோல்ட் வரை அளக்கும் மீட்டருக்குப் பிழை 3 சதவீதம் என்றால், முள் எங்கே நின்றாலும் 9 வோல்ட் கூடவோ குறையவோ இருக்கலாம். 30 வோல்ட்டை அதே அளவுகோலில் பார்த்தால் அந்த 9 வோல்ட் 30 சதவீதப் பிழை ஆகிவிடும். அதனால்தான் முள் வலது பக்கம் வந்து நிற்கிற மாதிரி அளவுகோலைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். சில மீட்டர்களில் அளவுகோலுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும். முள்ளும் கண்ணாடியில் தெரியும் முள்ளின் பிம்பமும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் கண்ணை வைத்தால் இடமாறு தோற்றப் பிழை வராது. இணைப்பு கொடுப்பதற்கு முன்னாலேயே முள் சுழியில் நிற்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் திருகைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். பாருங்க, ஒரு அளவை எழுதுவதற்குள்ளே மூன்று கேள்விகளை அந்த மீட்டரே நம்மிடம் கேட்டுவிடுகிறது!

டிஜிட்டல் மீட்டர் இப்படி எதுவும் கேட்காது. எண்ணைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். அதனால் அதிலே பிழையே இல்லை என்று நமக்குத் தோன்றுகிறது. கடையில் விலை மலிவாகக் கிடைக்கும் டி.டி.830 வகை மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கையேட்டில், மாறுதிசை 750 வோல்ட் அளவுகோலுக்குப் பிழை 1.2 சதவீதமும், அதோடு கடைசி இலக்கத்தில் 10 எண்ணிக்கையும் என்று போட்டிருக்கும். அந்த அளவுகோலில் ஓர் எண்ணிக்கை என்பது 1 வோல்ட். மீட்டர் 213 காட்டினால் பிழை 2.6 வோல்ட்டும் 10 வோல்ட்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 12.6 வோல்ட். உண்மையான மின்னழுத்தம் 200 முதல் 226 வரை எங்கேயும் இருக்கலாம்.

இதனாலே என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டில் 6 சதவீதம் வரைதான் கூடவோ குறையவோ விடலாம் என்று இந்திய மின்சார விதிகள், 1956 சொன்னது. அதாவது கீழ் எல்லை சுமார் 216 வோல்ட். தோட்டத்து மோட்டார் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடினால் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகி, காயில் கருகிவிடும். "213தான் வருது, லோ வோல்டேஜ்" என்று புகார் கொடுக்கப் போனால், அந்த மீட்டரை மட்டும் வைத்து நம்மாலும் நிரூபிக்க முடியாது, அவர்களாலும் மறுக்க முடியாது. மேலே சொன்ன முள் மீட்டரை வைத்தாலும் இதே கதைதான். 204 முதல் 222 வரை என்றுதான் சொல்ல முடியும். பிழை எவ்வளவு என்று சோதித்துச் சான்று வாங்கிய மீட்டர் ஒன்று வேண்டும்.

பழைய மீட்டர் எல்லாவற்றிலும் உசத்தி என்று நான் சொல்லவில்லை. ஒரு கணக்கு பாருங்கள். 10 வோல்ட் மின்கலத்தோடு 20,000 ஓம் மின்தடை இரண்டைத் தொடராக இணைத்தால், ஒவ்வொன்றிலும் 5 வோல்ட் இருக்க வேண்டும். வோல்ட்டுக்கு 2,000 ஓம் உள்ள மலிவு முள் மீட்டரை 10 வோல்ட் அளவுகோலில் வைத்து அளந்தால் 3.3 வோல்ட்தான் காட்டும். மீட்டரின் உள்தடையும் 20,000 ஓம் ஆகி, மின்னோட்டத்தில் பங்கு கேட்பதுதான் காரணம். எத்தனை தடவை அளந்தாலும் அதே 3.3 வரும். தராசுக் கல் கதை இங்கேயும் வந்துவிட்டது! இங்கிலாந்தில் 1923 முதல் 2008 வரை தயாரான ஏவோ மீட்டர்களில் புகழ்பெற்ற 8ஆம் மாடலுக்கு வோல்ட்டுக்கு 20,000 ஓம். அது 4.76 காட்டும். உள்தடை 10 லட்சம் ஓம் உள்ள டிஜிட்டல் மீட்டர் 4.95 காட்டும். இந்த வேலையில் டிஜிட்டல்தான் ஜெயிக்கிறது. ஆனால் கண்டன்சர் நல்லதா என்று பார்க்கும்போது, முள் விருட்டென்று ஏறி மெல்ல இறங்குவதைப் பார்த்தே சொல்லிவிடலாம். எண்கள் ஓடுவதைப் பார்த்து அப்படிச் சொல்வது கஷ்டம். ஆக, வேலைக்கு ஏற்ற கருவிதான் நல்ல கருவி.

நம்ம ஊர்ப் பக்கத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விடும் காவிரி நீர் அங்கேதான் அளக்கப்படுகிறது. ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பையும் நீரின் வேகத்தையும் பெருக்கினால் ஒரு நொடியில் ஓடும் நீரின் அளவு கிடைக்கும். ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்தது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. அளவில் 1 சதவீதம் ஒரே பக்கமாகச் சாய்ந்தால்கூட, ஆண்டுக்கு 177 கோடி கன அடி நீர் கணக்கில் மாறிப்போகும். தினமும் தவறாமல் அளந்தால் மட்டும் அந்தச் சாய்வு தெரியாது. கருவியையே சோதித்தால்தான் தெரியும். இரண்டு மாநில விவசாயிகளின் வயிறு ஒரு அளவீட்டை நம்பியிருக்கிறது என்றால், "சும்மா ஒரு ரீடிங்தானே" என்று எப்படிச் சொல்வது?

கடைசியாக ஒன்று. செய்முறை வகுப்பில் சிலர் அண்ணன், அக்காவின் பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி ரீடிங்கை எழுதுகிறார்கள். விடை அழகாக வரும், மார்க்கும் வரும். ஆனால் அது அளவீடு அல்ல. நாளைக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்து, பிரேக் பாகத்தை இப்படி "பொருந்துகிற மாதிரி" எழுதினால் யாரோ ஒருவர் உயிரல்லவா போகும்?

ஆகவே ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. முள் மீட்டரையும் டிஜிட்டல் மீட்டரையும் ஒரே சுற்றில் பக்கத்தில் பக்கத்தில் இணைத்து, இரண்டும் காட்டுவதை எங்களை ஒப்பிடச் சொல்லுங்கள். ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு ரீடிங்குக்குப் பக்கத்திலும் "பிழை எவ்வளவு?" என்று ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். விடை கொஞ்சம் தள்ளி வந்தாலும், உள்ளதை உள்ளபடி எழுதிக் காரணம் சொன்னவருக்கு மார்க் கொடுங்கள்.

நண்பர்களே, மீட்டர் காட்டுவது ஒரு எண். அதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்க வேண்டியது நாம்தான்.