தமிழுக்கு ஏன் இரட்டைக் கட்டணம்?

வட்ஸ்அப் வந்து குறுந்தகவல் வருமானத்தைக் கெடுத்துவிட்டதென்று தொலைபேசி நிறுவனங்கள் அங்கலாய்க்கின்றன. அதில் தமிழர் பங்குகொள்ள வேண்டியதில்லை என்பேன்.

ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு குறுந்தகவலில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் எழுதினால் 70 குறியீடுகள்தான். அதிலும் ‘கி’ என்னும் ஓரெழுத்து இரண்டு குறியீடுகளாகக் கணக்கிடப்படும். எல்லை மீறினால் இரண்டாவது தகவலுக்கும் கட்டணம். நலம் விசாரிக்கும் நாலு வரிக்கு ஆங்கிலத்தில் எழுதியவர் ஒரு மடங்கு கொடுக்க, நாம் இரண்டு, மூன்று மடங்கு கொடுத்தோம். காசுக்கு அஞ்சித் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகினோம்.

தொழில்நுட்பத்தின் விதி இதுவென்பார்கள். அப்படியன்று. கையடக்கத் தொலைபேசிகளுக்கான அனைத்துலகத் தர விதிகளிலேயே குறுந்தகவலுக்கான தமிழ் எழுத்து அட்டவணை நெடுநாளாக இருக்கிறது. அதனைக் கைக்கொண்டிருந்தால் அந்த 70 இரு மடங்குக்கு மேலாகியிருக்கும். நிறுவனங்கள் அதனைப் பரவலாக நடைமுறைப்படுத்தவில்லை.

2009இல் தொடங்கிய வட்ஸ்அப் எழுத்தை எண்ணிக் காசு கேட்கவில்லை. அதுவும் தருமசாலையன்று, இணையத் தரவுக்குப் பணம் கொடுக்கிறோம். இலங்கையில் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் அரசு அதனை முடக்கியது. அத்தகைய நாளில் எஞ்சுவது குறுந்தகவலே. ஆகவே அது சாகவேண்டுமென்று நான் கேட்கவில்லை. ஆங்கிலத்துக்கு வாங்கும் அதே கட்டணத்தைத் தமிழுக்கும் வாங்குங்கள் என்றே கேட்கிறேன். அது சலுகையன்று, நியாயம்.