பாட்டு உள்ளே வரலாம், பாடுகிறவர்?

பாடத்தோடு கலையைச் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு அதைச் சொன்னது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பாட்டையும் பொம்மலாட்டத்தையும் கதையையும் ஒன்றாம் வகுப்புக்குக் கொண்டுவந்தது. எல்லோரும் ஒரே குரலில் பேசும் இடத்தில்தான் நாம் சில கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. யாருடைய கலை? யார் கற்பிக்கிறார்? எந்தக் குழந்தைக்கு எந்தக் கலை போய்ச் சேருகிறது?

இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஐந்தாம் வகுப்பில் ஒரு குழு மூன்றாவது எண்ணிக்கைக்கு ஒருமுறையும், இன்னொரு குழு நான்காவது எண்ணிக்கைக்கு ஒருமுறையும் கை தட்டட்டும். பன்னிரண்டில் இரண்டு தட்டும் ஒன்றாக விழும். மீச்சிறு பொது மடங்கு காதில் கேட்கும். வீட்டில் புத்தகமே இல்லாத முதல் தலைமுறைக் குழந்தை, எழுத்துத் தேர்வில் காட்ட முடியாத அறிவை இங்கே காட்டிவிடுகிறாள். எழுத்தை மட்டும் அறிவு என்று எண்ணும் பள்ளி, எழுத்து ஏற்கெனவே குடியிருக்கும் வீடுகளுக்குச் சாதகமான பள்ளி. ஆகவே கலைவழிக் கல்வி சமூகநீதிக் கேள்வியும்கூட.

ஆனால் நடப்பதென்ன? கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநரைக் கேட்பது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதுவும் நூறு குழந்தைகளுக்கு மேல் இருந்தால்தான். அப்படித் தமிழ்நாட்டில் 2012இல் கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குச் சேர்த்து நியமிக்கப்பட்ட 16,549 பேருக்குத் தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். தொடக்கப் பள்ளிக்கு அந்தப் பகுதிநேரப் பயிற்றுநரும் கிடையாது. எல்லாப் பாடத்தையும் நடத்தும் ஆசிரியரே கலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கும் பயிற்சி இல்லாதபோது, ஊரில் எதற்கு மதிப்போ அதுதான் வகுப்பறைக்குள் வரும்.

ஆய்வுக்காகத் திருச்சியில் நான் போய்வந்த ஒரு தொடக்கப் பள்ளியில் ஆண்டு விழா ஒத்திகை நடந்தது. வெளியே காசு கட்டி நடனம் கற்கும் நான்கு பிள்ளைகளுக்குப் பரதம். மற்றவர்களுக்குக் கிராமிய நடனம். தப்பு அடிக்கத் தெரிந்த மாணவன் ஒருவன் அங்கே இருந்தான். அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி! ஒலிபெருக்கியில் ஓடிய சினிமாப் பாட்டுக்கு அவன் வாளியைத் தட்டினான். யாரும் அவனை இழிவாகப் பேசவில்லை. பேசத் தேவையே இல்லாத அளவுக்குப் பிரிவினை ஒழுங்காக நடந்தது.

இந்த ஒழுங்கு அரசின் விதிகளிலும் உண்டு. திருவரங்கம் மூலத்தோப்பில் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்பவை இத்தகைய பள்ளிகளின் பிரிவுகள். பறை இல்லை. சேர்க்கை அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள். குரலிசைக்கும் பரதத்துக்கும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நாதசுரத்துக்கும் தவிலுக்கும் தேவாரத்துக்கும் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். சலுகையாகவே இதை வகுத்திருக்கலாம். ஆனால் மிருதங்கக்காரருக்குப் படிப்பு வேண்டும், தவில்காரருக்கு வேண்டாம் என்ற எண்ணம் எந்தச் சமூகத்திலிருந்து வந்தது என்று நாம் கேட்கலாம்தானே?

திருவரங்கத்துக்கு இது பழைய கதை. அங்கே மார்கழியில் நடக்கும் அரையர் சேவை, பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, பொருள் சொல்லும் கலை. இன்றைய கல்வியியல் பேசும் கலைவழிக் கற்பித்தலுக்கு அதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் அதைச் செய்யும் உரிமை பரம்பரை அரையர் குடும்பங்களின் ஆண்களுக்கு மட்டும். உறையூர்ப் பாணரான திருப்பாணாழ்வாரின் பத்துப் பாசுரங்கள் அந்தக் கோயிலில் இன்றும் ஓதப்படுகின்றன. குருபரம்பரைக் கதையின்படி அவர் காவிரியின் தென்கரையில் நின்று பாடியவர். வழிவிடவில்லை என்று அவர்மீது கல் விழுந்தது. பிறகு லோகசாரங்க முனிவரின் தோளில் ஏறித்தான் கோயிலுக்குள் போனார். அற்புதம் நடந்தால் ஒரு பாணர் உள்ளே போகலாம் என்பதே அந்தக் கதையின் ஏற்பாடு. பாணர்கள் தம் காலால் நடந்து போகும் உரிமை அதில் இல்லை.

சரி, அப்படியானால் ‘அவரவர் கலையை’ அவரவர் குழந்தைக்குக் கற்றுக்கொடுப்போம் என்று சிலர் சொல்கிறார்கள். முற்போக்காகத் தெரியும் இந்த யோசனையில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் அரசு அதைக் கைவிட்டது. சேரிக் குழந்தையின் கையில் மட்டும் பறையைக் கொடுப்பது அந்தத் திட்டத்தின் மறுபதிப்பு. சாவுக்கு அடிக்கும் கட்டாயத்தை எதிர்த்துப் பறையைக் கீழே வைத்தவர்களின் போராட்டத்தை மறந்தால்தான் அதைப் பண்பாட்டு மீட்பு என்று சொல்ல முடியும்.

பறை எல்லாக் குழந்தைகளின் கைக்கும் போக வேண்டும். அக்கிரகாரத்து வீட்டுக் குழந்தையும் அதைத் தோளில் மாட்டட்டும். சேரிக் குழந்தை வயலினையும் தொடட்டும், பிடிக்காவிட்டால் இரண்டையும் விட்டுவிட்டு ஓவியம் வரையட்டும். மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது மகிழ்ச்சி. ஆனால் விருது ஆண்டுக்கு ஒருவருக்குப் போகலாம், பாடவேளை தினமும் வருகிறது.

எனவே நம் கோரிக்கைகள் இவை. தொடக்கப் பள்ளிகளுக்கும் முழுநேரக் கலை ஆசிரியர் பணியிடம் வேண்டும். சில பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவர் என்றாவது தொடங்கலாம். பறை, தெருக்கூத்து, கரகாட்டக் கலைஞர்களை விழா நாளில் மாலை போட்டு அனுப்பாமல், ‘ஆசிரியர்’ என்ற பெயரோடும் அதற்குரிய ஊதியத்தோடும் வகுப்பில் நிறுத்த வேண்டும். மாவட்ட இசைப் பள்ளிகளில் பறைக்கு முழுநேரப் பிரிவு வேண்டும். எல்லாப் பிரிவுக்கும் ஒரே தகுதி வேண்டும். எந்தக் குழந்தை எந்தக் கலைக்கு என்பதை ஆசிரியர் ஒதுக்கக் கூடாது, எல்லோரும் எல்லாவற்றையும் முறைவைத்துப் பழக வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் கலையைப் பற்றிப் பேசும்போது அதனுள் இருக்கும் சாதியைப் பற்றியும் பேச வேண்டும்.

உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள், தோழர்களே. ஆண்டு விழாவில் யார் எதை ஆடினார்கள், ஏன் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் தடுமாறினால், பேச்சை அங்கிருந்தே தொடங்குங்கள்.