டிராக்டர் ஹெட்டுல எம்-சீல் பூசுற மகராசன்களுக்கு...

மாட்டுத்தாவணின்னா இன்னைக்கு எல்லாருக்கும் பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகம் வரும். பேரைப் பாருங்க மக்களே, மாட்டுச் சந்தை. உழவு மாடு கைமாறின இடம். அந்த மாட்டோட வேலையை இப்ப டிராக்டர் பாக்குது. ஆனா மாட்டுக்குக் காட்டுன அக்கறையில கால்வாசியைக்கூட நாம டிராக்டருக்குக் காட்டுறதில்ல. மாட்டுக்குக் கழிச்சல்னா வைத்தியரைத் தேடி ஓடுவோம், ஒழுகுற இடத்தை அடைச்சு வைக்க மாட்டோம். டிராக்டருக்கு மட்டும் அதத்தான் பண்றோம்.

சரி, மேட்டருக்கு வர்றேன். எங்க பெரியப்பாவுக்கு மேலூர் பக்கம் விவசாயம். அவர்கிட்ட ஒரு அரதப்பழசு டிராக்டர் இருக்கு. போன தடவை ஊருக்குப் போனப்ப அதோட சிலிண்டர் ஹெட்டுல வட்டமா மூணு இடத்துல சாம்பல் கலர்ல என்னமோ அப்பியிருந்துச்சு.

"என்ன பெரியப்பா இது?"

"தண்ணி கசிஞ்சுச்சுப்பா. பட்டறையில எம்-சீல் பூசி விட்டாங்க."

"எத்தனாவது தடவை?"

"இதோட நாலு."

நாலு தடவையும் கூலி. நாலு தடவையும் வண்டி ஒருநாள் படுத்துக் கெடந்திருக்கு. நடவுக்கு சேறு அடிக்கிற நேரத்துல ஒருநாள்ங்கிறது சும்மா இல்லீங்க. பெரியாறு வாய்க்கால்ல தண்ணி முறை வச்சு வருது. நம்ம வண்டி சரியாகுற வரைக்கும் அது நிக்காது.

அந்த சாம்பல் வட்டத்துக்குக் கீழ இருக்கிறது கோர் பிளக். வெல்ச் பிளக்னும் சொல்வாங்க. இது ஏன் அங்க இருக்குன்னு தெரிஞ்சா, பூசுறது எவ்வளவு பெரிய போங்காட்டம்னு புரியும். ஹெட்டை மணல் அச்சுல வார்க்கிறாங்க. உள்ள தண்ணி ஓட இடம் வேணும்ல? அதுக்கு மணல்ல ஒரு கரு செஞ்சு உள்ள நிறுத்தி, சுத்தி உருக்குன இரும்பை ஊத்துவாங்க. ஆறுனதும் அந்த மணலை ஓட்டை வழியா வெளிய எடுக்கணும். அந்த ஓட்டைகளை அப்புறம் தகட்டு மூடி வச்சு அடைக்கிறாங்க. அதான் பிளக். முந்தியெல்லாம் மரை வெட்டி திருகுற மூடி போட்டாங்க. 1900கள் ஆரம்பத்துல அமெரிக்காவுல வெல்ச் மோட்டார் கார் கம்பெனிக்காரங்க இந்தத் தகட்டு மூடியைக் கொண்டுவந்தாங்க, பேரும் அப்படியே ஒட்டிக்கிச்சு.

இதுக்கு ஃப்ரீஸ் பிளக்னு இன்னொரு பேரும் இருக்கு. எல்லா வினையும் அங்கதான் ஆரம்பிக்குது. "தண்ணி உறைஞ்சு விரிஞ்சா பிளக் தெறிச்சு எஞ்சினைக் காப்பாத்தும். நம்ம ஊர்ல ஏது பனி? ஆன்ட்டி-ஃப்ரீஸ் எதுக்கு? போர் தண்ணியை ஊத்து தம்பி"ன்னு ஒரு தத்துவம். குளிர் நாட்டுல பிளக் தெறிக்கிறதும் உண்டு, தெறிக்காம பிளாக்கே பொளந்துக்கிறதும் உண்டு. அதுக்காக வச்ச பாதுகாப்பு இல்ல அது, வார்ப்படத்தோட மிச்சம்.

கூலன்ட்டுல பனிக்கான கிளைக்கால் மட்டுமா இருக்கு? துரு பிடிக்காம தடுக்குற ரசாயனமும் இருக்கு. மதுரைக்காரனுக்கு வேண்டியது அந்த ரெண்டாவது சமாச்சாரம்தான். வீட்டு வாட்டர் ஹீட்டர் காயில்ல வெள்ளையா உப்பு படியுதே, அதே உப்புத் தண்ணியைத்தான் ஹெட்டுக்குள்ளயும் ஊத்துறோம். சுவர்ல உப்புப் படிஞ்சா சூடு தண்ணிக்குப் போகாது. கூடவே துரு.

இப்ப ஒரு சின்ன கணக்கு. ஹெட்டோட சுவரு தடியான வார்ப்பிரும்பு. பிளக்கு மெல்லிசான தகடு. ரெண்டையும் ஒரே தண்ணி அரிக்குது. முதல்ல எது ஓட்டையாகும்? பிளக்கு. ஆக, கசியுற பிளக் உள்ள நடக்குற அரிப்பை நமக்குச் சொல்ல வந்த ஆளு. அவன் வாயில எம்-சீல் அப்புறோம்! நாங்க ஆபீஸ்ல எரர் மெசேஜை மறைச்சுட்டு "ஃபிக்ஸ் பண்ணியாச்சு"ன்னு மெயில் தட்டுறது மாதிரி. எம்-சீல் மேல தப்பில்ல. மொட்டைமாடி பைப்புக்கு நல்ல சாமான். துருப்பிடிச்ச தகட்டு மேல பூசுனா, அடியில தகடு பாட்டுக்கு கரைஞ்சுக்கிட்டே இருக்கும்.

அடுத்த வைத்தியம், "ரேடியேட்டர் மூடியை லூசா வச்சு ஓட்டுங்க." கசிவு குறையும், வாஸ்தவம். ஆனா 7 பி.எஸ்.ஐ அழுத்தம் தாங்குற மூடி இருந்தா தண்ணி கொதிக்க சுமார் 111 டிகிரி வேணும். லூசாக்குனா 100லயே கொதிச்சிரும். தண்ணி ஆவியாகி ஹெட்டு வளைஞ்சு கேஸ்கெட் போனா, சில்லறைச் செலவுல முடிஞ்சிருக்க வேண்டியது லேத்துப் பட்டறை வரைக்கும் இழுத்துட்டுப் போகும். மூணாவது, மஞ்சத்தூள் வைத்தியம். ஓட்டையை அடைக்கிற மஞ்சத்தூளுக்கு ரேடியேட்டர் டியூப் எது, ஓட்டை எதுன்னு தெரியுமாய்யா?

"பழைய வண்டி, இதுக்குப் போயி செலவு பண்ணுவாங்களா"ன்னு கேக்குறவங்களுக்கு: பழைய வண்டிங்கிறதாலதான் பண்ணச் சொல்றேன். 1960ல சென்னையில டஃபே ஆரம்பிச்சு, மாஸி ஃபெர்குசன் 1035 நம்ம கிராமங்களுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னோடியான மாஸி ஃபெர்குசன் 35ல இருந்த பெர்க்கின்ஸ் 3.152 டீசல் எஞ்சின்ல 3 சிலிண்டர், போர் 91.4 மி.மீ., ஸ்ட்ரோக் 127 மி.மீ., மொத்தம் 2.5 லிட்டர். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சவன் எவனும் கழட்டி மாட்டலாம். இந்த ஜாதி எஞ்சினுக்கு அழிவு வர்றது பெரும்பாலும் நம்ம அலட்சியத்தாலதான்.

செய்யவேண்டியது இதுதான்:

1. ஒண்ணு கசிஞ்சா ஹெட்டுல இருக்கிற எல்லா பிளக்கையும் மாத்துங்க. ஒரே வயசு, ஒரே தண்ணி குடிச்சது. மத்ததும் வரிசையில நிக்குது. சில எஞ்சின்ல ராக்கர் கவருக்கு உள்ளயே பிளக் இருக்கும். அது கசிஞ்சா தண்ணி நேரா ஆயில்ல கலக்கும், வெளிய ஒரு சொட்டு தெரியாது.

2. கேஸ்கெட்டுக்கோ வால்வுக்கோ ஹெட்டைக் கழட்டுனா, அப்பவே பிளக்கையும் முடிச்சிருங்க. பிளாக்கோட பின்பக்கம் இருக்கிறது தனிக்கதை. இந்த டிராக்டர்களுக்குத் தனி சேசிஸ் கிடையாது, எஞ்சினே முதுகெலும்பு. பின்னாடி பிளக்கைத் தொட வண்டியையே ரெண்டா பிரிக்கணும்.

3. பழசை உள்ள தள்ளி விட்டுறாதீங்க. ஒரு ஓரத்துல பஞ்ச் வச்சுத் தட்டுனா மூடி குறுக்கா திரும்பும், குறடு போட்டு இழுத்துரலாம். உள்ள விழுந்துச்சுன்னா தண்ணி ஓடுற வழியை மறிச்சுக்கும்.

4. உக்காருற இடத்தை எமரி தாளால தேய்ச்சு, துரு போக சுத்தம் பண்ணுங்க. தட்டு மாதிரி பிளக்னா மேடு வெளிய பாக்கணும், நடுவுல ஒரு அடி. தட்டையாகி விரிஞ்சு பிடிச்சுக்கும். கிண்ணம் மாதிரி பிளக்கை நடுவுல அடிக்கக்கூடாது, சரியான அளவு டிரிஃப்ட் வச்சு நேரா இறக்கணும். பித்தளை கிடைச்சா அதை வாங்குங்க, துரு பிடிக்காது.

5. உள்ள நல்லா அலசிட்டு, கூலன்ட்டை பேட்டரிக்கு ஊத்துற சுத்தத் தண்ணியில கலந்து ஊத்துங்க. வெறும் சுத்தத் தண்ணியும் துருப்பிடிக்கும், அதனால கூலன்ட்டை விட்டுறாதீங்க. இதைச் செய்யாம புது பிளக் போடுறதும் அடுத்த தவணைக்கு நாள் குறிக்கிறதும் ஒண்ணுதான்.

மெக்கானிக் அண்ணன்களைத் திட்டுறேன்னு நினைக்காதீங்க. "சீக்கிரம் முடி, கம்மியா முடி"ன்னு நிக்கிற நம்மகிட்டயும் பாதிப் பழி இருக்கு. அடுத்த தடவை பட்டறைக்குப் போனா ஒண்ணு மட்டும் செய்ங்க. கழட்டுன பழைய பிளக்கைக் கையில குடுங்கன்னு கேளுங்க. திருப்பி உள்பக்கத்தைப் பாருங்க. எந்தத் தண்ணியை ஊத்துனீங்கன்னு அதுவே சொல்லும். குடுக்க பழைய பிளக்கே இல்லைன்னு சொன்னாங்கன்னா, அங்க வெறும் பூச்சு வேலைதான் நடந்திருக்குன்னு புரிஞ்சுக்கங்க.

டிஸ்கி: கூலன்ட்டுல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனா விஷம். வடிச்சதைக் களத்துலயோ வாய்க்கால்லயோ கொட்டாம கேன்ல பிடிச்சு மூடி வைங்க. நாயோ மாடோ குழந்தையோ வாய் வச்சிறக்கூடாது.